மிட்ரோல் விளம்பரத்துக்குத் தமிழில் என்ன சொல்வது?

வணக்கம். காணொளியோ பாட்டோ ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவே புகுந்து வரும் விளம்பரத்தைத்தான் மிட்ரோல் என்கிறார்கள். அதற்கு நீங்கள் சொன்ன சொற்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில்.

> "இடைவேளை விளம்பரம்" என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். இடைவேளை என்பது படம் எடுத்தவர் இடம் பார்த்து விடுவது; நாமும் எழுந்து டீ குடிக்கப் போகலாம். இது அப்படியா வருகிறது? போன வெள்ளிக்கிழமை அம்மா கைப்பேசியில் வில்லுப்பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார், இசக்கியம்மன் கதை. எந்தச் செயலி என்பது இருக்கட்டும். புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டி, ஒரு வரியை இழுத்து நிறுத்துகிறார்; பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட வேண்டிய இடம். அந்த ஆமாவுக்குப் பதில் பாத்திரம் கழுவும் சோப்பு வந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சாமி வாற நேரத்துலயா சோப்பு விப்பான்?" என்றார்.

இலவசச் செயலிக்கு மட்டுமான சொல்லாகவும் இது இருக்கக் கூடாது. காசு கட்டிப் பார்க்கிற பிரைம் வீடியோவிலும் 2025 ஜூன் முதல் இந்தியாவில் விளம்பரம் வருகிறது. வேண்டாம் என்றால் அதற்குத் தனிக் கட்டணம். யூடியூபில் நடுவே விளம்பரம் வைக்கக் காணொளி 8 நிமிடம் ஓடினால் போதும். 2020 ஜூலைக்கு முன் 10 நிமிடம். இடத்தைக் காணொளி போட்டவரே குறிக்கலாம், கணினி பொறுப்பிலும் விட்டுவிடலாம்.

> இடைச்செருகல்?

நல்ல சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் சுவடிப் பதிப்பில் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது: பின்னால் வந்தவர்கள் மூலத்துக்குள் நுழைத்த பாட்டுக்கு அதுதான் பெயர். தவிர, இடைச்செருகல் மூலப்பாட்டு போலவே வேஷம் கட்டி உட்கார்ந்திருக்கும். சோப்புக்கு அந்த வெட்கமெல்லாம் இல்லை.

என் பரிந்துரை: ஊடுவிளம்பரம். கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் குலசேகரம் பக்கம் ரப்பர் கன்றுகளுக்கு நடுவே அன்னாசியும் வாழையும் போடுவார்களே, ஊடுபயிர், அதே ஊடு. முன்விளம்பரம், ஊடுவிளம்பரம், பின்விளம்பரம் என்று மூன்றும் வரிசையாக நிற்கும்.

> ரப்பர் வளர்ந்து நிழல் கட்டினால் ஊடுபயிர் நின்றுவிடும் ஓய். விளம்பரம் நிற்குமா?

நியாயமான கேள்வி, பதில் இல்லை. ஆனால் ஊடுருவலும் அந்த ஊடில்தானே தொடங்குகிறது? கூடவே ஊடலும் காதில் விழுகிறது. அம்மா முகத்தைப் பார்த்தவர்கள் அதைப் பிழை என்று சொல்ல மாட்டார்கள்.

அப்புறம், 5 விநாடி கழித்து வரும் ஸ்கிப் பொத்தானுக்கு "தவிர்" என்று ஒருவர் எழுதியிருந்தார். சரிதான். "சாடு" என்றும் போடலாம் என்பது என் எண்ணம். எங்கள் ஊரில் சாடு என்றால் குதி. மற்ற ஊர்க்காரர்கள் திட்டு என்று எடுத்துக்கொண்டாலும் பாதகமில்லை.