வீட்டிலிருந்து ஆபீஸ் கால்: இயர்பட்ஸா, மைக் நீட்டிய ஹெட்செட்டா?

மாடி_அறை:
வணக்கம். வாடிக்கையாளர் சேவை வேலை, வீட்டிலிருந்து. தினமும் ஆறு மணி நேரம் கால் போகும். டீம்ஸ், ஜூம் இரண்டும் விண்டோஸ் 11 லேப்டாப்பில். மொட்டை மாடிக்கு நேர் கீழ் அறை, சீலிங் ஃபேன் அஞ்சில்தான் ஓடும். அடுத்த சுவர் சமையலறை. இப்போது கையில் இருப்பது ப்ளூடூத் இயர்பட்ஸ். பாட்டுக்கு அருமை. ஆனால் கால் தொடங்கிய நொடியே எதிர்முனைக் குரல் பழைய லேண்ட்லைன் மாதிரி மாறிவிடுகிறது. அவர்களும் "கிணத்துக்குள்ள இருந்து பேசுறீங்களா?" என்று கேட்கிறார்கள். பட்ஜெட் நாலாயிரம். இன்னும் நல்ல இயர்பட்ஸ் வாங்கலாமா, ஹெட்செட்டுக்கு மாறலாமா?

ஒலிப்பெட்டி:
ஹெட்செட். யோசிக்கவே வேண்டாம். நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்பதைவிட உங்கள் குரல் அங்கே எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதுதான் இந்த வேலைக்கு முக்கியம். அதைத் தீர்மானிப்பது மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம்.

இயர்பட்ஸின் மைக் காதோரம் இருக்கிறது, வாயிலிருந்து ஏறக்குறைய 12 செ.மீ. தள்ளி. ஹெட்செட்டின் நீட்டு மைக்கை 3 செ.மீ.யில் நிறுத்தலாம். தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும். 3-லிருந்து 12 என்றால் இரண்டு முறை இரட்டிப்பு, 12 டெசிபல் போச்சு. ஃபேன் சத்தமோ இரண்டு மைக்குக்கும் ஒரே அளவில்தான் வருகிறது. ஆக இயர்பட்ஸில் குரல் மட்டும் இளைத்து, ஃபேன் அப்படியே நிற்கிறது. அந்தக் குறையை ஈடுகட்ட உள்ளே இருக்கும் சிப் இரைச்சலை வெட்டுகிறது, கூடவே குரலிலும் ஒரு பகுதியை வெட்டிவிடுகிறது. கிணற்றுக் குரலுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

பெட்டியில் போட்டிருக்கும் ஏஎன்சி என்ற எழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது உங்கள் காதுக்குள் வரும் வெளிச்சத்தத்தைக் குறைப்பது. எதிரில் இருப்பவருக்குக் குக்கர் விசில் கேட்காமல் இருக்க அது உதவாது. மைக் பக்கத்து இரைச்சலைக் குறைப்பதற்கு ஈஎன்சி என்று போடுவார்கள், அது வேறு.

சர்வீஸ்_டெஸ்க்:
மீதிப் பாதி ப்ளூடூத்தில் இருக்கிறது. பாட்டு கேட்கும்போது ஒலி ஒரு திசையில் மட்டும் ஸ்டீரியோவாக வருகிறது, அதற்கு ஏ2டிபி என்ற முறை. இயர்பட்ஸின் மைக்கை ஏதாவது ஆப் திறந்தால் இரு திசையிலும் ஒலி போக வேண்டும், உடனே ஹெச்எஃப்பி முறைக்கு மாறிவிடும். அதில் மோனோதான். ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைக்குக் கோடெக் என்று பெயர். பழைய சிவிஎஸ்டி கோடெக் என்றால் 8 கிலோஹெர்ட்ஸ் சாம்ப்ளிங் (நொடிக்கு எட்டாயிரம் முறை ஒலியை அளப்பது), அதாவது 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எந்த ஒலியும் போகாது. அதற்கு அடுத்து வந்த எம்எஸ்பிசி கோடெக் என்றால் இதில் இரண்டு மடங்கு. நீங்கள் சொன்ன லேண்ட்லைன் குரல் இதுதான். எத்தனை ஆயிரம் கொடுத்து இயர்பட்ஸ் வாங்கினாலும் லேப்டாப்பில் இந்த மாற்றம் நடக்கும். எல்ஈ ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் ஒலி முறை இருந்தால் நிலைமை மாறும். ஆனால் லேப்டாப்பின் ப்ளூடூத் சிப், டிரைவர், இயர்பட்ஸ் மூன்றுமே அதை ஆதரிக்க வேண்டும்.

உங்கள் வேலையில் இது எங்கே கடிக்கும் தெரியுமா? வாடிக்கையாளர் மெயில் ஐடியை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது. 'எஸ்', 'எஃப்' இரண்டையும் பிரித்துக் காட்டும் அந்த உரசல் ஒலி பெரும்பாலும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. அதை அறுத்துவிட்டால் இரண்டும் ஒரே மாதிரிக் கேட்கும். அப்புறம் ஓடிபி போகவில்லை, மெயில் வரவில்லை என்று இன்னொரு கால்.

ஹெட்செட் வரும்வரை ஒரு வழி: டீம்ஸ் செட்டிங்ஸில் டிவைசஸ் போங்கள், ஸ்பீக்கருக்கு இயர்பட்ஸையே விட்டுவிட்டு மைக்ரோஃபோனை மட்டும் லேப்டாப்பின் சொந்த மைக்காக மாற்றுங்கள். ஜூமில் செட்டிங்ஸ், ஆடியோ. இயர்பட்ஸ் மைக்கை எந்த ஆப்பும் தொடாதவரை ஸ்டீரியோவிலேயே நிற்கும். பின்னணியில் வேறு ஆப் மைக்கைப் பிடித்திருந்தால் மறுபடி கெடும், அதையும் மூடுங்கள். லேப்டாப் மைக் ஃபேனையும் கீபோர்டு தட்டலையும் சேர்த்து வாங்கும் என்பதால் இதை நிரந்தரமாக்க வேண்டாம்.

பஸ்_பயணி:
இயர்பட்ஸை முழுக்க ஒதுக்கவும் வேண்டாம் ப்ரோ. நாளைக்கு இரண்டு மூன்று கால், அதுவும் மொபைலில், நடந்துகொண்டே பேசுகிறவர்களுக்கு அதுதான் சரி. ஆறு மணி நேரத்துக்கு அது ஆகாது. பெட்டியில் எழுதியிருப்பது பாட்டு கேட்கும் நேரம். பேசும்போது மைக்கும் ஓடுவதால் அதைவிடச் சீக்கிரம் தீரும். ஒரு காதில் போட்டுப் பேசி, மற்றதைச் சார்ஜில் வைத்து மாற்றி மாற்றி ஓட்டலாம், அவ்வளவுதான். உள்ளிருக்கும் குட்டி பேட்டரி தளர்ந்தால் மாற்றவும் வழி இல்லை.

காது_நலம்:
காதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சிலிக்கான் முனை காதுத் துளையை அடைத்துக்கொள்ளும். நம் ஊர் வியர்வையில் ஆறு மணி நேரம் அப்படியே இருந்தால் உள்ளே ஈரம் தங்கி அரிப்பு, பூஞ்சைத் தொற்று வரை போகும். காதை அடைத்துக்கொண்டு பேசினால் சொந்தக் குரலும் மண்டைக்குள் முழங்கும், தன்னையறியாமல் தொனி மாறும்.

ஹெட்செட்டிலும் தேர்வு இருக்கிறது. காதை முழுக்க மூடும் பெரிய லெதரெட் (செயற்கைத் தோல்) குஷன் வெக்கையில் நனைந்துவிடும், நாளடைவில் கறுப்புத் தோல் செதில் செதிலாக உரிந்து காதோரம் ஒட்டும். காதின் மேல் உட்காரும் ஃபோம் குஷன் உங்கள் அறைக்கு ஏற்றது, கழற்றி மாற்றவும் முடியும். கண்ணாடி போடுபவர் என்றால் மென்மையான குஷன் பாருங்கள், அல்லது ஒற்றைக் காது மாடல். ஒரு காது திறந்திருப்பதால் காலிங் பெல்லும் கேட்கும்.

வால்யூமை ஃபேனோடு போட்டி போட்டு ஏற்றாதீர்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. வாரம் ஐந்து நாள் வேலை என்று வைத்தாலே, உங்களுக்குக் கால் பேசுவதிலேயே 30 மணி நேரம் போய்விடுகிறது.

மாடி_அறை:
எல்லோருக்கும் நன்றி. லேப்டாப் மைக்குக்கு மாற்றினேன், எதிர்முனைக் குரல் உடனே தெளிந்துவிட்டது. ஹெட்செட் என்று முடிவு. யூஎஸ்பியா, 3.5 மி.மீ. பின்னா, ப்ளூடூத் ஹெட்செட்டா? வந்ததும் எதைச் சோதிக்க வேண்டும்?

ஒலிப்பெட்டி:
யூஎஸ்பி ஒயர். டாங்கிளோடு (லேப்டாப்பில் சொருகும் குட்டி ப்ளூடூத் துண்டு) வரும் நல்ல ப்ளூடூத் ஹெட்செட் பெரும்பாலும் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும். 3.5 பின் என்றால் லேப்டாப்பின் சொந்த ஒலி சர்க்யூட்டை நம்ப வேண்டும், சார்ஜர் போட்டதும் சிலவற்றில் 'ங்' என்று ஒரு ஹம் வரும். யூஎஸ்பி ஹெட்செட்டில் ஒலிச் சிப் ஹெட்செட்டோடே வருவதால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. வாங்கும்முன் உங்கள் லேப்டாப்பில் காலியாக இருப்பது யூஎஸ்பி ஏ போர்ட்டா, சி போர்ட்டா என்று பாருங்கள். ஒயரிலேயே மியூட் பட்டன் இருப்பது நல்லது, ஒயர் 2 மீட்டராவது இருக்கட்டும். ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) வழியாகப் போடாமல் நேராகச் சொருகுங்கள்.

மைக்கை வாய்க்கு நேராக வைக்காதீர்கள். 'ப', 'ட' சொல்லும்போது மூச்சு அடித்து டப் டப் என்று கேட்கும். உதட்டு ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, தாடைப் பக்கம் கொஞ்சம் இறக்கி வையுங்கள். இரைச்சல் குறைக்கும் மைக்குக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு. தண்டைத் திருப்பும்போது புரண்டுவிட்டால் அது உங்கள் குரலையே இரைச்சலாக எடுத்துக்கொள்ளும், துளையோ புள்ளியோ உள்ள பக்கம் உதட்டைப் பார்க்கட்டும். ஃபேன் காற்று நேராக அடித்தால் மைக்குக்கு ஒரு ஸ்பாஞ்ச் உறை மாட்டுங்கள்.

சர்வீஸ்_டெஸ்க்:
சோதனையை ஃபேன் அஞ்சில் ஓடும்போதே செய்யுங்கள். சவுண்ட் ரெக்கார்டரில் முப்பது விநாடி பேசிப் பதியுங்கள்: பத்து விநாடி சும்மா இருங்கள், பத்து விநாடி சாதாரணமாகப் பேசுங்கள், பத்து விநாடி எழுத்தெழுத்தாக ஒரு மெயில் ஐடி சொல்லுங்கள். சும்மா இருந்த பகுதியில் ஃபேன் எவ்வளவு கேட்கிறது, 'எஸ்'ஸும் 'எஃப்'பும் பிரிகின்றனவா என்று பாருங்கள். விண்டோஸில் சிஸ்டம், சவுண்ட், இன்புட் போய் மைக் அளவை, சாதாரணக் குரலில் கோடு முக்கால்வாசி வரும்படி வையுங்கள். கடைசி வரை முட்டினால் குரல் கிழியும்.

அடுத்து டீம்ஸிலேயே ஒரு டெஸ்ட் கால். அங்கே சொற்களின் முதல் எழுத்தோ கடைசி எழுத்தோ விழுங்கப்பட்டால், இரைச்சல் நீக்கம் இரண்டு மூன்று இடத்தில் ஒரே நேரம் ஓடுகிறது என்று பொருள்: லேப்டாப் கம்பெனியின் ஆடியோ ஆப் ஒன்று, டீம்ஸ் ஒன்று. லேப்டாப் ஆப்பில் உள்ளதை அணைத்து டீம்ஸில் உள்ளதை மட்டும் விடுங்கள். ஜூமிலும் அதேபோல், அளவை லோவில் தொடங்கி, ஃபேன் கேட்டால் மட்டும் ஒரு படி ஏற்றுங்கள். இவ்வளவையும் திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடியும் முன்பே செய்துவிடுங்கள். பில்லையும் பெட்டியையும் அதுவரை தூக்கிப் போட வேண்டாம்.