கரகரத்தது ரேடியோ இல்லை

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். பெரியப்பா பாரீசில் இருந்து வந்தபோது அம்மாவுக்கென்று சிடியும் பாடுகிற ரேடியோ ஒன்றும், காபிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு கெட்டிலும் கொண்டுவந்தார். அங்கேயும் 230 வோல்ட், இங்கேயும் 230 வோல்ட் என்பதால் யோசிக்காமல் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிவிட்டோம். எந்த ஊர்ப் பின்னும் நுழைகிற பெரிய ஓட்டை வைத்த பெட்டி.

போன ஐப்பசியில் காலை நேரத்தில் ரேடியோவில் மீடியம் வேவ் ஸ்டேஷன் வைத்தால், கடலை வறுபடுவது போல ஒரு கரகரப்பு. சிடி போட்டால் சுத்தமாகப் பாடும். "மழைக்காலம் இல்லையா, ஸ்டேஷன்ல ஏதாவது இருக்கும்" என்றார் அம்மா. நானும் செட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி வைத்தே ஒரு வாரத்தை ஓட்டினேன்.

ஒருநாள்தான் உறைத்தது. கெட்டில் ஓடும்போது மட்டும் சத்தம். தண்ணீர் கொதித்து அது நின்றதும் சத்தமும் நின்றது. பெட்டியில் கை வைத்தால் சுடுகிறது. சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு கெட்டில் பிளக்கை உருவினேன். ஒரு பின் நுனி கறுத்திருந்தது. ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாக இளகியிருந்தது. பக்கத்திலேயே ஜன்னல் திரை. நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து விளக்கினார். பிரான்ஸ் பின் 4.8 மில்லிமீட்டர், நம்முடையது 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். உள்ளே பித்தளை இறுக்கிப் பிடிக்காது, உப்புக்காற்றில் களிம்பு வேறு. கெட்டில் 2,000 வாட், அதாவது 9 ஆம்பியர் பக்கம். பெட்டியோ 6 ஆம்பியர் தாங்குவது. பிடி தளர்ந்த இடத்தில் பொறி பறந்திருக்கிறது. அந்தப் பொறியைத்தான் மீடியம் வேவ் பிடித்து எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. இன்னொன்றும் சொன்னார்: அந்த ஊர் பிளக்குக்கு எர்த் இங்கே கிடைக்காது. ஸ்டீல் கெட்டிலை அம்மா தினமும் ஈரக்கையோடு தொட்டிருக்கிறார்.

இப்போது கெட்டிலுக்கு நம்மூர் மூன்று பின் பிளக் மாற்றி, 16 ஆம்பியர் பாயிண்ட். ரேடியோவின் அடியில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தது, அதாவது எர்த் தேவைப்படாத செட். அதனால் நம்மூர்ப் பின் வைத்த ஒயர் மட்டும் வாங்கினோம். கரகரப்பு போயே போய்விட்டது.

*

கடலூர் தேவனாம்பட்டினம். எங்கள் கதை பேட்டரிக் கதை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபிறகு பல நாள் கரண்ட் இல்லை. செய்தி கேட்க எங்கள் சின்ன பேட்டரி ரேடியோதான் துணை. கரண்ட் வந்ததும் செல்லைக் கழற்றாமல் பரணில் போட்டுவிட்டோம். அடுத்த மழைக்குத் திறந்தால் ஸ்பிரிங் முழுக்க வெள்ளைப் பொடி. பழைய செல்லையும் புதுசையும் கலந்து போட்டிருந்தோம், அதுவும் ஒரு காரணம். ஆல்கலைன் செல்லில் கசிவது காரம், கையில் பட்டால் எரியும். கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்தேன். ஒரு ஸ்பிரிங் தொட்டதும் உதிர்ந்தது. இப்போது செல் தனியாக ஒரு டப்பாவில், ரேடியோ தனியாக.

*

நெல்லித்தோப்பு. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்காக இது. சிடி சுற்றுவதைப் பார்க்க என் பையன் சிடி பிளேயர் மூடியின் சுவிட்சில் தீக்குச்சியைச் செருகி, திறந்தபடியே ஓடவிட்டு லென்ஸுக்கு நேரே குனிந்திருந்தான். அதில் வருவது 780 நானோமீட்டர் லேசர், கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. தெரியாததால் கண் சிமிட்டவும் தோன்றாது. மூடியைத் திறந்ததும் லேசர் நிற்கத்தான் அந்த சுவிட்சே. அவனை உட்காரவைத்து, குச்சியை எடுத்து, மூடியைத் திறந்து மூடி எது எப்போது நிற்கிறது என்று காட்டினேன். அப்புறம் அவன் கை வைக்கவில்லை.

*

முத்தியால்பேட்டைதான் மறுபடியும். தேவனாம்பட்டினத்துக்காரர் எழுதியதைப் படித்ததும் அம்மா எழுந்துபோய் டார்ச்சில் இருந்த செல்லைக் கழற்றிவிட்டார்.