4.2 ஜிகாஹெர்ட்ஸை விட்டு 4.1 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது முன்னேற்றமா? ஃபிளைட் சிமுலேட்டருக்கான ப்ராசஸர் குறித்து

கார்முகில்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு ஆகியவை கொண்ட கணினி இருக்கிறது. மானிட்டரின் தெளிவுத்திறன் 1440பி. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 தவிர வேறு எந்த விளையாட்டும் இதில் இல்லை.

சிறு விமானத்தில் மலைப் பகுதிகளின் மேல் பறக்கும்போது எந்தக் குறையும் தெரிவதில்லை. ஃபீனிக்ஸ் ஏ320 விமானத்தை எடுத்துக்கொண்டு லண்டன் ஹீத்ரோவின் 27 இடது ஓடுபாதையில் இறங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஐம்பது, நாற்பது, முப்பது என்று உயரத்தைச் சொல்லும் குரல் தடையின்றி ஒலிக்க, படம் மட்டும் நின்று நின்று நகர்கிறது. மூக்கை உயர்த்த வேண்டிய அந்த ஒரு நொடியில் திரை உறைந்துவிடுவதால், கையில் இருக்கும் ஜாய்ஸ்டிக்குக்கும் கண்ணில் படும் ஓடுபாதைக்கும் தொடர்பே இல்லாமல் போகிறது.

கடைக்காரர் 12 கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) கொண்ட 5900எக்ஸ் ப்ராசஸரை வாங்கச் சொல்கிறார். இணையத்திலோ பலரும் 5700எக்ஸ்3டியைப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் அதன் உச்ச வேகம் 4.1 ஜிகாஹெர்ட்ஸ், என் பழைய 3600இன் உச்ச வேகமே 4.2. காசு கொடுத்து வேகம் குறைந்த பொருளை வாங்குவதா என்று மனம் தயங்குகிறது. மேலும், டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் ப்ராசஸர் பயன்பாடு 40 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. அப்படியென்றால் குறை உண்மையில் ப்ராசஸரில்தானா?

ஓடுபாதை27:

நண்பரே, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். டாஸ்க் மேனேஜர் காட்டும் 40 விழுக்காடு என்பது 12 த்ரெட்களுக்கும், அதாவது ப்ராசஸர் ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலை வரிசைகளுக்கும், சேர்த்துப் போட்ட சராசரி. இந்த சிமுலேட்டரிலோ வேலையின் பெரும்பங்கு மெயின் த்ரெட் என்னும் ஒரே வரிசையில் நடக்கிறது. அந்த ஒன்று மூச்சுத் திணறும்போது மற்றவை கைகட்டிக் காத்திருக்கின்றன. ஆகவே சராசரியைப் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். ஜெனரல் ஆப்ஷன்ஸில் டெவலப்பர் மோடை இயக்கி, அங்கே எஃப்.பி.எஸ். (வினாடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம்) கணக்கைத் திரையில் வரவழையுங்கள். மெயின் த்ரெட் ஒரு ஃபிரேமுக்கு எத்தனை மில்லி வினாடி எடுக்கிறது, கிராபிக்ஸ் கார்டு எத்தனை எடுக்கிறது, இரண்டில் எது தடை என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். வினாடிக்கு 30 ஃபிரேம் வேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமும் 33 மில்லி வினாடிக்குள் முடிய வேண்டும்.

இனி ஜிகாஹெர்ட்ஸுக்கு வருவோம். நிலப்பரப்பு, கட்டடங்கள், பிற விமானங்கள், காக்பிட் கருவிகள் என்று சிதறிக் கிடக்கும் தரவுகளை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சிமுலேட்டர் மீண்டும் மீண்டும் தேடி எடுக்கிறது. தேடியது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகமான கேஷில் இருந்தால் ஏறத்தாழ 10 நானோ வினாடியில் கைக்கு வந்துவிடும். இல்லாவிட்டால் ரேம் வரை போய் வர அதைப்போல் பல மடங்கு நேரம் ஆகும், அதுவரை கோர் சும்மா நிற்கும். சும்மா நிற்கும் கோர் 4.2இல் நின்றால் என்ன, 4.8இல் நின்றால் என்ன? உங்கள் 3600இல் 32 எம்பி எல்3 (மூன்றாம் நிலை) கேஷ் இருந்தாலும் அது 16, 16 ஆக இரண்டாகப் பிரிந்து, மூன்று கோர்களுக்கு ஒரு பாதி என்று இருக்கிறது. 5700எக்ஸ்3டியில் சிலிக்கான் சில்லின் மேல் இன்னொரு சில்லை அடுக்கி, 96 எம்பி முழுவதையும் எட்டு கோர்களுக்கும் பொதுவாக வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் சொல்லும் 5900எக்ஸில் 64 எம்பி இருக்கிறது, ஆனால் அதுவும் இரண்டு 32களாகப் பிரிந்ததே. வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு அவர் சொல்வது சரியான யோசனை. உங்களுக்கு அன்று.

அளந்து பார்த்துவிட்டு எண்களை இங்கே எழுதுங்கள். அதற்கு முன் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கார்முகில்:

அளந்தேன். ஹீத்ரோவில் கேட்டில் நிற்கும்போது மெயின் த்ரெட் 41 மில்லி வினாடி, கிராபிக்ஸ் கார்டு 22 மில்லி வினாடி. மெயின் த்ரெட்தான் தடை என்று சிவப்பில் காட்டுகிறது. 1440பியிலிருந்து 1080பிக்குக் குறைத்தபோது கிராபிக்ஸ் கார்டின் நேரம் குறைந்ததே தவிர, எஃப்.பி.எஸ். 24ஐ விட்டு அசையவில்லை. டெரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெய்லை (நிலப்பரப்பின் விவரம் எவ்வளவு தூரம் வரை தெரிய வேண்டும் என்னும் செட்டிங்கை) 200இலிருந்து 100க்கு இறக்கியதும் மெயின் த்ரெட் 33க்கு வந்தது. விமானப் போக்குவரத்தையும் நிறுத்தியதில் 30 ஆனது. ஆனால் தூரத்துக் கட்டடங்கள் கண்ணெதிரே முளைப்பதையும், வெறிச்சோடிய ஹீத்ரோவையும் பார்க்கச் சகிக்கவில்லை.

சுழல்விசிறி:

எண்கள் தெளிவாக இருக்கின்றன. ப்ராசஸர்தான் தடை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உங்கள் மதர்போர்டில் இருக்கும் ஏஎம்4 என்பது 2016இல் வந்த சாக்கெட், அதாவது ப்ராசஸரை மாட்டும் இடம். அதில் இன்னும் முதலீடு செய்வது முட்டுச் சந்தில் வீடு கட்டுவது போன்றது. அதற்கு அடுத்து வந்த ஏஎம்5 மதர்போர்டு, டிடிஆர்5 ரேம், 7800எக்ஸ்3டி என்று ஒரேயடியாக மாறிவிட்டால், அதே 96 எம்பி கேஷுடன் 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமும் கிடைக்கும். பின்னாளில் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதியும் இருக்கும். நான் அப்படித்தான் செய்தேன், வருந்தவில்லை.

ஓடுபாதை27:

7800எக்ஸ்3டி வேகமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் இவரிடம் இருப்பது ஆர்டிஎக்ஸ் 3060. இப்போதே அது ஒரு ஃபிரேமுக்கு 22 மில்லி வினாடி எடுக்கிறது. அதாவது ப்ராசஸர் எவ்வளவு விரைந்தாலும், இதே செட்டிங்கில் 45 ஃபிரேமைத் தாண்ட அந்தக் கார்டு விடாது. மூன்று பாகங்களை மாற்றிவிட்டு நான்காவதிடம் மாட்டிக்கொள்வதைவிட, ஒரே ஒரு ப்ராசஸரை மாற்றி, மீதிப் பணத்தில் ரேமை 32 ஜிபி ஆக்குவது இவருக்குப் பொருந்தும். 2020 பதிப்புக்கே உயர்ந்த அளவாக 32 ஜிபியைத்தான் குறிப்பிட்டிருக்கிறார்கள்; 2024 பதிப்பிலோ அதுவே பரிந்துரைக்கும் அளவாகிவிட்டது. கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்து மாற்றும் எண்ணம் இருந்தால் ஏஎம்5 என்பதே என் விடையாகவும் இருந்திருக்கும்.

பழைய ஸ்க்ரூடிரைவர்:

எதை வாங்குவது என்பதை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். மாட்டும்போது நான் பட்டதைச் சொல்கிறேன், நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்.

முதலில், பழைய 3600 மாட்டியிருக்கும்போதே பயாஸை (கணினியைத் தொடக்கும் மதர்போர்டு மென்பொருளை) புதுப்பித்துவிடுங்கள். பழைய பயாஸுக்கு 5700எக்ஸ்3டியை அடையாளம் தெரியாது. மாட்டிய பிறகு திரை கறுப்பாகவே இருக்கும். உங்கள் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் அந்த ப்ராசஸரின் பெயருக்கு எதிரே எந்தப் பயாஸ் எண் குறித்திருக்கிறதோ, அதையோ அதற்குப் பிந்தியதையோ ஏற்றுங்கள். வீட்டில் யூபிஎஸ் இல்லாவிட்டால், மின்வெட்டு வராத நேரமாகப் பார்த்து அந்த வேலையைத் தொடங்குங்கள்.

இரண்டாவது, கூலரைக் கழற்றுவது. ஏஎம்4இல் ஊசிகள் ப்ராசஸரின் அடியில் இருக்கின்றன, அதன் மேல் அழுத்திப் பிடிக்கும் மூடி எதுவும் கிடையாது. ப்ராசஸருக்கும் கூலருக்கும் இடையில் வெப்பம் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் இறுகிப்போயிருந்ததால், நான் கூலரை நேராக மேலே இழுத்தபோது, சாக்கெட்டின் பூட்டு மூடியிருந்தும் ப்ராசஸர் அதனுடன் ஒட்டிக்கொண்டு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. நான்கு ஊசிகள் வளைந்தன. பென்சில் முனை போட்டு ஒவ்வொன்றாக நிமிர்த்தி முடிக்க ஓர் இரவு போனது. ஆகவே கால் மணி நேரம் சிமுலேட்டரை ஓட்டிப் பேஸ்டைச் சூடாக்கி, கணினியை அணைத்து மின் இணைப்பைத் துண்டித்தபின், கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தளர்த்தி எடுங்கள்.

மூன்றாவது, 5700எக்ஸ்3டியுடன் கூலர் வராது. 3600உடன் வந்த சிறிய கூலரை நம்ப வேண்டாம். மேலே அடுக்கிய கேஷைத் தாண்டித்தான் வெப்பம் வெளியேற வேண்டும் என்பதால் இந்த வகை ப்ராசஸர்கள் விரைவில் சூடேறும். நான்கு ஹீட் பைப் கொண்ட ஒரு டவர் கூலர் போதும், தண்ணீர்க் குளிரூட்டி தேவையில்லை.

கார்முகில்:

மூவருக்கும் நன்றி. 5700எக்ஸ்3டியும் 32 ஜிபி ரேமும் ஒரு டவர் கூலரும் வாங்கி, நேற்று மாட்டி முடித்தேன். கூலரைத் திருகியபோது முதலில் அசையவே இல்லை. மூன்றாவது முயற்சியில் லேசாக வழுக்கியது, ப்ராசஸர் சாக்கெட்டிலேயே இருந்தது. அந்த அறிவுரை இல்லாவிட்டால் நானும் இழுத்திருப்பேன்.

அதே கேட், அதே விமானம், டெரெய்ன் 200, போக்குவரத்தும் உண்டு: மெயின் த்ரெட் 26 மில்லி வினாடி, எஃப்.பி.எஸ். 38. எட்டு கோர்களும் 4.1ஐத் தாண்டவில்லை. இறங்கும்போது நகரத்தின் மேல் ஓரிரு இடங்களில் 32 வரை விழுகிறது, ஆனால் முன்பு போல் உறைவதில்லை. அறையில் ஏசி இல்லாமல், மின்விசிறி மட்டும் ஓடும்போது வெப்பம் 76 டிகிரி. இதன் எல்லை 90 என்று படித்தேன், ஆகவே கவலைப்படவில்லை.

ஒரே ஒரு ஐயம் மிச்சம் இருக்கிறது. டெரெய்னை 250க்கு உயர்த்தினால் மெயின் த்ரெட் மறுபடியும் 30ஐத் தொடுகிறது. 200இலேயே நிறுத்தி, பார்வைக்கான பிறவற்றைக் கிராபிக்ஸ் கார்டு பக்கம் ஏற்றலாமா?

ஓடுபாதை27:

200இலேயே நிறுத்துங்கள். மேகங்களை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கினால் கார்டுக்குச் சற்று மூச்சு விட இடம் கிடைக்கும், அந்த இடத்தில் நிழல்களைக் கூட்டிக்கொள்ளலாம். எஃப்.பி.எஸ்.ஸை 30இல் பூட்டிவிட்டுப் பறந்து பாருங்கள். 38க்கும் 32க்கும் இடையே ஊசலாடும் படத்தைவிட, அசையாத 30இல் மூக்கை உயர்த்துவது கைக்கு எளிதாக இருக்கும்.