தோள்பட்டை முறிவுக்கு பிளேட்: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

அம்மாவுக்கு 66 வயது. குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். தோள் மூட்டை ஒட்டி மேல்கை எலும்பு மூன்று துண்டு. எக்ஸ்ரேயைவிட சி.டி. ஸ்கேனில்தான் விலகல் சரியாகத் தெரிந்தது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலகினாலோ 45 டிகிரிக்கு மேல் திரும்பினாலோதான் அதைத் தனித் துண்டாகக் கணக்கில் எடுப்பார்களாம். டாக்டர் படத்தைக் காட்டியே விளக்கினார்.

ஆபரேஷனில் வைத்தது ஃபிலோஸ் வகை பிளேட், அதாவது முறிந்த துண்டுகளை ஸ்க்ரூ போட்டுப் பிடித்து நிறுத்தும் உலோகத் தகடு. ஸ்க்ரூவின் தலையிலும் மரை இருப்பதால் அது பிளேட்டோடு பூட்டிக்கொள்ளும். எலும்பு வலுவிழந்த வயதானவர்களுக்கு இந்தப் பிடிமானம் பெரிய விஷயம். ஆனால் எலும்பின் தலைப்பகுதி பிறகு அமுங்கினால் ஸ்க்ரூ நின்ற இடத்திலேயே நிற்கும், அதன் முனை மூட்டுக்குள் துருத்திவிடும். அதனால் வலி குறைந்துவிட்டதே என்று மறு எக்ஸ்ரேக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

வீட்டில் பெரும்பாடு உடை மாற்றுவதுதான். போடும்போது அடிபட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டிதான் கைகொடுத்தது. ராத்திரி தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்கினார். முழங்கை வரை கருநீலம் பரவியபோது பதறிவிட்டோம். இரத்தக்கட்டு அப்படிக் கீழே இறங்குவது சகஜம் என்றார்கள்.

*

எனக்கு பைக்கிலிருந்து விழுந்து இதே முறிவு, இதே பிளேட். ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர் தோளின் வெளிப்பக்கம் பஞ்சால் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். தோள் தசையை இயக்கும் நரம்பு அந்த எலும்பைச் சுற்றித்தான் போகிறது, விழுந்த வேகத்திலேயே அது அடிபட்டிருக்கலாம் என்றார்.

பிசியோவை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டுவதில் தொடங்கி, அப்புறம் சுவரில் விரல்களால் ஏறுவது. எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைப்பேன். கோடு நகராத வாரங்களில் அழுகையே வந்துவிடும். இப்போது கை தலைக்கு மேல் போகிறது, முதுகுக்குப் பின்னால் மட்டும் இன்னும் முழுசாக வளையவில்லை.

*

நான் பிசியோதெரபிஸ்ட். என் அத்தைக்கும் விலகிய முறிவுதான், ஆனால் ஆபரேஷன் செய்யவில்லை. கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் தூளிக்கட்டும் பயிற்சியும்தான். தலையை அவரே பின்னிக்கொள்கிறார், பரண் மட்டும் எட்டாது.

பிரிட்டனில் இப்படி விலகிய முறிவு உள்ள 250 பேரை வைத்து நடந்த புரோஃபர் என்ற ஆய்வு 2015இல் வெளியானது. ஆபரேஷன் செய்தவர்கள், செய்யாதவர்கள் இரு தரப்புக்கும் இரண்டு வருடத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மூட்டும் நழுவியவர்களை அதில் சேர்க்கவில்லை; அவர்கள் கதை வேறு. ஆகவே, பிளேட் வைத்தால் இவருக்குக் கூடுதலாக என்ன கிடைக்கும் என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்று. நின்ற இடத்தில் விழுந்தே எலும்பு முறிந்தால், எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அத்தைக்கு அதில்தான் எலும்பு பலவீனம் தெரிந்து மாத்திரை ஆரம்பித்தார்கள்.