மிஸ் பார்க்காவிட்டால் விதியும் இல்லை: என்ன செய்யலாம்?
5-6 வயதுக் குழந்தைகள் 22 பேர் உள்ள வகுப்பு. மூன்று மாதமாக வரிசையில் நிற்பது, குப்பையைத் தொட்டியில் போடுவது, பொதுப் பொருளை எடுத்த இடத்தில் வைப்பது என்று சொல்லிக்கொடுக்கிறேன். நான் பார்த்தால் ஒழுங்கு, கரும்பலகைப் பக்கம் திரும்பினால் க்ரேயான் பெட்டிக்கு அடிதடி.

ஸ்டிக்கர் கொடுத்தேன், இரண்டாவது வாரமே "இதுக்கு எத்தனை ஸ்டிக்கர் மிஸ்?" என்று பேரம் (தப்பு என்னுடையதுதான்). கதை சொன்னேன், ரசித்தார்கள், அவ்வளவுதான். அப்புறம் விதிகளை அவர்களே கைதூக்கி ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். அதில் கொஞ்சம் பலன் தெரிந்தது, ஆனால் மீறியவர்களை என்னிடம் போட்டுக்கொடுப்பதே இப்போது முழுநேர வேலையாகிவிட்டது.

பரிசும் கண்காணிப்பும் இல்லாமல் 'இது நம்ம எல்லாருடையது' என்ற எண்ணத்தை இந்த வயதில் வரவைத்த பயிற்சி ஏதாவது உங்கள் வகுப்பில் பலித்திருக்கிறதா?