அப்புச்சிக்கு வாங்கிய மீன்தொட்டி

திருப்பூரிலிருந்து:

எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) காங்கேயம் பக்கம் தோட்டத்தில் 50 வருடம் மாடு கன்றோடு இருந்தவர். முழங்கால் முடியாமல், போன வருடம் எங்களோடு வந்துவிட்டார். இரண்டாவது மாடி வீடு. விடிகாலை 4 மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்வார். கறக்க மாடு இல்லை, அள்ளிப்போடச் சோளத்தட்டு இல்லை. அவருக்காகத்தான் 2 அடித் தொட்டி ஒன்று வாங்கினேன். பத்து கப்பி, நாலு மோலி. தண்ணீர் ஊற்றி அன்றைக்கே மீனை விடலாம் என்றார் கடைக்காரர். நானும் நம்பிவிட்டேன்.

தொட்டிப் பக்கம் ஆள் போனாலே மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். "பசியோட நிக்குதுக பாரு கண்ணு" என்று அப்புச்சி ஒரு பிடி போடுவார். மாட்டுக்குப் போட்டுப் பழகிய கை அல்லவா! தண்ணீர் கலங்கிப் போனது. ஞாயிற்றுக்கிழமை மொத்தத்தையும் கொட்டி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று அலசி, புதுத் தண்ணீர் நிரப்பினேன். மறுநாள் ஏழு மீன் மிதந்தன. அன்றைக்கு அப்புச்சி காபியைத் தொடவில்லை.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாக மாறும். அது மீனுக்கு விஷம். அதை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கும். புதுத் தொட்டியில் அது நிலைகொள்ளவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அரைகுறையாக இருந்ததையும் நான் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசிக் கொன்றுவிட்டேன். இப்போது வாரத்துக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மட்டும் மாற்றுகிறோம், அதுவும் குளோரின் போகட்டும் என்று முதல் நாளே பக்கெட்டில் பிடித்து வைத்தது. ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிவதோடு சரி.

தீனிக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். அப்புச்சியின் மாத்திரை டப்பா போலவே இன்னொன்று வாங்கி, நாளுக்கு ஒரு சிட்டிகை என்று வாரத்துக்கும் நிரப்பி வைத்துவிடுவேன். இரண்டு டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில். மீனுக்குப் போடப் போகும்போது தன் பிரஷர் மாத்திரையும் ஞாபகம் வந்துவிடுகிறது அவருக்கு.

சோமனூரிலிருந்து:

எங்களுடையது விசைத்தறி. தறிக்கூடத்துச் சுவரை ஒட்டித் தொட்டி வைத்தோம். தறி ஓடுகிற வரைக்கும் மீன்கள் கல் இடுக்கை விட்டு வெளியே வராது. கரண்ட் போனால்தான் உலாத்தும். வாசல் திண்ணைக்கு மாற்றிய பிறகு சரியானது. ராத்திரி ஷிப்ட் முடிந்து காது ரெண்டும் இரைந்துகொண்டிருக்கும்போது அதன் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்தால்தான் எனக்குத் தூக்கமே வருகிறது.

கோவையிலிருந்து:

நான் பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறேனுங்க. இங்கிலாந்தில் பிளிமத் மீன் காட்சியகத்தில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2015-இல் வெளியானது. மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் குறைந்ததாம். அதைப் படித்துவிட்டு எங்கள் டாக்டரம்மா தொட்டி வைத்தார். பெரியவர்களைப் பற்றித் தெரியாது, ஊசி என்றால் அலறுகிற பொடுசுகள் மீனை எண்ணிக்கொண்டு நிற்கின்றன. ஒரு விண்ணப்பம்: கண்ணாடிக் கிண்ணத்தில் கோல்டு ஃபிஷ் வாங்காதீர்கள். ஒழுங்காக வளர்த்தால் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிற மீன் அது, கையளவு வளரும். சின்ன இடம்தான் என்றால், 20 லிட்டர் தொட்டியில் ஒற்றை ஃபைட்டர் மீன் போதும்.

கோபியிலிருந்து:

தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் கப்பி விட்டிருக்கிறோம், கொசுப் புழு ஒன்று தங்குவதில்லை. ஆனால் வீட்டில் வாங்கின, தொட்டிப் பாசியைத் தின்கிற டேங்க் கிளீனர் மீன் முக்கால் அடி வளர்ந்துவிட்டது. தடப்பள்ளி வாய்க்காலில் விடக் கிளம்பினேன், மச்சான் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். ஏரி குளத்தில் பெருகினால் நம்மூர் மீனை வாழவிடாது, முள்ளுச் செதில் வலையையும் கிழித்துவிடும் என்றார். நியாயம்தான். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

திருப்பூரிலிருந்து, மறுபடியும்:

நேற்று கருப்பு மோலி குட்டி போட்டிருக்கிறது, இருபதுக்கு மேல் இருக்கும். அப்புச்சி ஊரில் ஒருத்தர் விடாமல் போன் போட்டு "கருப்பி ஈனிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தாயே தின்றுவிடும், பாசிச் செடி நிறையப் போடவேண்டும் என்றேன். அதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. "சீம்பால் இல்லாம எப்படிக் கண்ணு பொழைக்கும்?" என்கிறார்.