“ஒரு தடவை குட்டி போட்ட பிறகுதான் கருத்தடை” என்று சொல்பவர்களுக்கு ஒரு கேள்வி

பரந்தன்வாசி:
மல்லாவிமைந்தன் அண்ணை முந்தநாள் இங்கே எழுதியதை அப்படியே தருகிறேன். “பெட்டை நாயை ஒரு தடவையாவது குட்டி போட விடுங்கள். குட்டி போடாத பெட்டைக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும். அதற்குப் பிறகு வேண்டுமென்றால் கருத்தடை செய்யலாம்.” கீழே ஆளாளுக்கு வந்து நன்றி சொல்லியிருக்கிறார்கள். பார்க்க வயிறு எரிகிறது. கருத்தடை அறுவையில் சூலகத்தையும் கர்ப்பப்பையையும் எடுத்துவிடுகிறார்கள். எடுத்துவிட்ட கர்ப்பப்பையில் எப்படி அண்ணை சீழ் பிடிக்கும்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மல்லாவிமைந்தன்:
பதில் இருக்கிறது தங்கச்சி. நான் அல்சேசன் நாய் வளர்க்கத் தொடங்கிய காலத்தில் நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள். சுவீடனில் காப்புறுதி செய்த நாய்களை வைத்துக் கணக்கெடுத்திருக்கிறார்கள். பத்து வயதுக்குள் ஏறத்தாழ நான்கு பெட்டையில் ஒன்றுக்கு இந்தச் சீழ் வருகிறது. குட்டி போட்டவற்றுக்குக் குறைவாக வருகிறது. நான் எழுதியதும் அதுதானே? “குட்டி போடாத பெட்டைக்கு” என்று. நன்றாக வாசித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

பரந்தன்வாசி:
வாசித்துவிட்டுத்தான் வந்தேன். சுவீடனில் பெட்டைகளுக்குக் கருத்தடை செய்யும் பழக்கம் குறைவு. அதனால்தான் அப்படி ஒரு கணக்கை அங்கே எடுக்க முடிந்தது. அது கர்ப்பப்பை உள்ள நாய்களின் கணக்கு. ஒவ்வொரு முறை காலத்துக்கு, அதாவது ஆண் நாயோடு சேரும் பருவத்துக்கு, வந்து போன பிறகும், அடுத்த சில கிழமைகளுக்குள் அந்த ஆபத்து வருகிறது. குட்டி போட்ட பெட்டைக்கும் வரும். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. கேள்வி அப்படியே நிற்கிறது: இல்லாத கர்ப்பப்பையில் எப்படிச் சீழ் பிடிக்கும்?

மார்புக் கட்டியையும் சேர்த்துச் சொல்கிறேன். 1969இல் அமெரிக்காவில் வந்த ஆய்வின்படி, முதல் தடவை காலத்துக்கு வருமுன் கருத்தடை செய்த பெட்டைகளுக்கு, செய்யாதவற்றுக்கு உள்ள ஆபத்தில் 0.5 வீதம்தான். ஒரு தடவை வந்த பிறகு செய்தால் 8 வீதம், இரண்டு தடவைக்குப் பிறகு 26 வீதம். நீங்கள் “பொறுங்கள், குட்டி போடட்டும்” என்று சொல்லிக் காலத்துக்கு வர விடும் ஒவ்வொரு தடவையும் அந்த எண் ஏறுகிறது.

மல்லாவிமைந்தன்:
1969! 2012இல் இங்கிலாந்தில் அந்த ஆய்வுகள் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்து அலசி, ஆதாரம் பலவீனம் என்று எழுதினார்களே, அது உங்கள் கண்ணில் படவில்லையா? அரைகுறையாக வாசித்துவிட்டு ஊருக்குப் பாடம் எடுக்காதீர்கள்.

பரந்தன்வாசி:
அவர்கள் பலவீனம் என்றது மார்புக் கட்டி ஆதாரத்தை. குட்டி போட வையுங்கள் என்று அதில் சொல்லவில்லை. நான் கேட்டது கர்ப்பப்பை. நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

துணுக்காய்டீச்சர்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பெட்டைக்கு ஒன்பது மாதம், இன்னும் காலத்துக்கு வரவில்லை. மகள் குட்டி வேண்டும் என்று அழுகிறாள். அறுவை செய்தால் கொழுத்துப் போகும் என்கிறார்களே, உண்மையா?

நெடுங்கேணிக்காரன்:
சாதி நாய் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தப் பிரச்சினை எல்லாம். எங்கள் பக்கம் வயலுக்குப் பன்றி இறங்கினால் குரைக்கிறது ஊர்ப் பெட்டையின் குட்டிதான். அது தானாகக் குட்டி போடும், தானாக வளரும். அல்சேசனை வன்னி வெயிலில் சங்கிலியில் கட்டி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், மத்தியானத்துக்குள் நாக்கைத் தொங்கப் போட்டுவிடும். ஊர்நாய்க்கு ஒரு நோயும் வராது.

பரந்தன்வாசி:
ஒரு நோயும் வராதா அண்ணை? ஒழுங்கை நாய்களுக்குச் சேர்க்கையால் பரவும் புற்றுக்கட்டி இருக்கிறது. கட்டியின் உயிர்க்கலமே ஒரு நாயிலிருந்து மற்ற நாய்க்குப் போய் ஒட்டி வளர்கிறது. பெட்டையைத் திறந்து விட்டால் குட்டியோடு அதுவும் வீட்டுக்கு வரும். உண்ணிக் காய்ச்சல் உங்கள் ஊரில் இல்லையா? குட்டிகளை இரத்தமாகக் கழிய வைத்துக் கொல்லும் பார்வோ இல்லையா? “தானாக வளரும்” என்ற குட்டிகளில் எத்தனை சந்தையடியில் உரப்பையோடு கிடக்கின்றன என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். பெட்டைக் குட்டியைத்தான் கொண்டுவந்து விடுகிறார்கள், கடுவனை அல்ல.

ஸ்காபரோதமிழன்:
இங்கே கனடாவில் பல இடங்களில் நாய் வாங்கும்போதே கருத்தடை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிறார்கள். ஊரில் எப்போதுதான் திருந்தப் போகிறார்களோ.

மல்லாவிமைந்தன்:
நீங்கள் அங்கே ஹீட்டர் போட்டுக்கொண்டு எழுதுங்கள் அண்ணை. 2008 கடைசியில் போரால் கிளிநொச்சியை விட்டு நாங்கள் விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்தபோது நாயை அவிழ்த்துவிட்டு அழுதவர்கள் நாங்கள். செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது ஊரில் பழைய நாய் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு வளவுகளில் நாய் குரைக்கத் தொடங்கியது எங்களைப் போன்றவர்கள் குட்டி எடுத்துக் கொடுத்ததால்தான். அந்தக் கதை தெரியாதவர்கள் ஒப்பந்தம் பேச வேண்டாம்.

ஸ்காபரோதமிழன்:
நானும் அதே வன்னியில் பிறந்தவன்தான். ஊரை விட்டு வந்தவனுக்குப் பேச உரிமை இல்லை என்று யார் சட்டம் போட்டது?

பரந்தன்வாசி:
போரை இதற்குள் இழுக்காதீர்கள். நாங்களும் அதே வீதியால்தான் வந்தோம், எங்கள் நாயும் அங்கேதான் நின்றுவிட்டது. அதற்காகத்தான் சொல்கிறேன், பார்க்க முடியாத உயிரை உண்டாக்காதீர்கள் என்று. நீங்கள் கொடுத்தீர்கள் என்கிறீர்கள். கொடுக்கவில்லை, விற்றீர்கள். என் தம்பி உங்களிடம் வாங்கிய குட்டி ஒரு கிழமைக்குள் இரத்தமாகக் கழிந்து செத்தது. கண்ணைத் திறந்து கொஞ்ச நாளே ஆன குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொடுத்தீர்கள். எட்டுக் கிழமையாவது தாயோடு விட வேண்டும். பார்வோ ஊசியை ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கி, பதினாறு கிழமை வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஓர் ஊசியாவது போட்டீர்களா?

மல்லாவிமைந்தன்:
அந்தக் கதையை எத்தனை இடத்தில் எழுதுவீர்கள்? என் வளவிலிருந்து போகும்போது குட்டி துள்ளிக்கொண்டுதான் போனது. உங்கள் வீட்டு மண்ணில் கிருமி இருந்திருக்கும். அதற்கு முன் ஒரு நாய் செத்ததாக உங்கள் தம்பியே சொன்னார்.

பரந்தன்வாசி:
பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஊசி இல்லாமல் விற்றிருக்கிறீர்கள். நீங்களே எழுதிவிட்டீர்கள், இனி நான் சொல்ல ஒன்றும் இல்லை.

சரி, சொல்ல ஒன்று இருக்கிறது. குட்டி எடுக்க ஆசைப்படும் மற்றவர்களுக்கு எழுதுகிறேன். சினை 63 நாள் அளவில். குட்டி தலை மாட்டி நின்றால் நள்ளிரவில் மிருக வைத்தியரை எங்கே தேடுவீர்கள்? முழங்காவிலிலோ ஒட்டுசுட்டானிலோ இருப்பவர் ஆட்டோ பிடித்து நாயோடு எங்கே ஓடுவார்? சின்ன இன நாய்களுக்குக் குட்டி போட்ட இரண்டு மூன்று கிழமையில் இரத்தத்தில் கல்சியம் இறங்கி வலிப்பு வரும், நரம்பில் மருந்து ஏற்றாவிட்டால் செத்துப் போகும். அதற்குப் பயந்து சினைக்காலத்தில் கல்சியம் குளிசை அள்ளிக் கொடுப்பவர்கள் அந்த வலிப்பை வரவழைக்கிறார்கள். அல்சேசன் என்றால் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும், தாய் தகப்பனுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தீர்களா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

மல்லாவிமைந்தன்:
என் நாய்கள் ஓடுவதை வந்து பாருங்கள், எக்ஸ்ரே தேவையில்லை. என் குட்டிகளுக்கு அப்பன் யார் என்றும் எனக்குத் தெரியும். வேலி கம்பி வேலி.

நெடுங்கேணிக்காரன்:
கம்பி வேலிக்குக் கீழே கிண்டிக்கொண்டு எங்கள் ஊர்க் கடுவன் போகும். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு இரண்டு அப்பன் இருக்கலாம், அது உங்களுக்குத் தெரியுமா? போன முறை நீங்கள் விற்றதில் பாதிக்கு ஊர்நாய் போல வால் சுருண்டு நின்றதை மாங்குளத்தில் எல்லோரும் பார்த்தார்கள்.

மல்லாவிமைந்தன்:
அந்த வால் சுருண்ட குட்டி என்னுடையது இல்லை. யாருடையது என்று எனக்குத் தெரியும், பெயர் சொன்னால் உங்களுக்குத்தான் வெட்கம்.

துணுக்காய்டீச்சர்:
என் கேள்விக்கு யாராவது…

பரந்தன்வாசி:
டீச்சர், சாப்பாட்டை அளந்து வைத்தால் கொழுக்காது. மகளுக்குக் குட்டிதான் வேண்டுமென்றால், சந்தையடியில் கிடப்பதில் ஒன்றைத் தூக்கி வரச் சொல்லுங்கள். விசர் தடுப்பூசியைச் சுகாதாரப் பகுதியினர் இலவசமாகவே போடுகிறார்கள். மல்லாவிமைந்தன் அண்ணை, வால் கதை வேண்டாம். கர்ப்பப்பை இல்லாத நாய்க்கு எப்படிச் சீழ் பிடிக்கும்?

மல்லாவிமைந்தன்:
குட்டி போடாத பெட்டைக்குச் சீழ் பிடிக்கும். சுவீடன் கணக்கு இருக்கிறது. திரும்பவும் எழுதுகிறேன்: குட்டி போடாத பெட்டைக்கு.

நெடுங்கேணிக்காரன்:
பெயர் சொல்லுங்கள் பார்ப்போம், யாருடைய குட்டி?